கடைசி ரயில் போன பிறகும் இருங்கள்

டெக்சஸிலிருந்து இந்த ஆண்டும் கொலராடோ மலைக்குக் கிளம்பும் நம் குடும்பத்தினர் எல்லோருக்கும்,

பயணத் திட்டம் கைக்கு வந்தது. வெள்ளி இரவு டுராங்கோ, சனிக்கிழமை நீராவி ரயில், சில்வர்ட்டனில் இரண்டு மணி நேரம், அதே ரயிலில் திரும்பி வந்து மறுநாள் காலை வீட்டைப் பார்க்கப் புறப்பாடு. தேதி அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டி. இத்தனை குடும்பங்களின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, வேனில் இடம் எல்லாவற்றையும் பார்த்துத் திட்டம் போடுவது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். அதற்காக அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நன்றி. இருந்தாலும் இரண்டு விஷயங்களை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். தேதியைப் பதினைந்து நாள் முன்னால் தள்ளுங்கள். சில்வர்ட்டனில் இரண்டு மணி நேரம் என்பதை இரண்டு இரவாக ஆக்குங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் போனது நினைவிருக்கும். மூன்றரை மணி நேரம் ரயிலில் போய் இறங்கினோம். சாப்பாட்டுக் கடை வரிசையிலேயே ஒரு மணி நேரம் கரைந்தது. மீதி நேரத்தில் சாக்லேட் மிட்டாயும் டி-ஷர்ட்டும் வாங்கினோம். அதற்குள் என் மகன் தலையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வாந்தி. இன்ஜின் ஊதியதும் ஓடிப்போய் ஏறினோம். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது மலை இருந்தது, ரயில் இருந்தது, நாம் எல்லோரும் இருந்தோம். ஊர் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால் போன ஆண்டு செப்டம்பர் கடைசி வாரம் நானும் வீட்டுக்காரரும் மட்டும் போய் மூன்று இரவு தங்கிவிட்டு வந்தோம். அப்போது பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் தேதி. ஆஸ்பென் மரங்கள் அந்த உயரத்தில் மஞ்சளாவது செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முதல் சில நாட்கள் வரைதான். அக்டோபர் நடுவில் போனால் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மேலே வெறும் குச்சிகள். நாம் போன முறை பார்த்தது அந்தக் குச்சிகளைத்தான். மஞ்சள் பார்த்தோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது டுராங்கோ ஆற்றங்கரை மரங்களை. பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பள்ளி போகும், உண்மைதான். போனால் போகட்டும் என்கிறேன்.

நம் தமிழில் ஆறு பருவம் உண்டு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலையுதிர்காலம் அதில் இல்லை. நம் மண்ணில் ஒரு மலை முழுக்க ஒரே வாரத்தில் நிறம் மாறுகிற வழக்கமே இல்லாததால் அதற்கு ஒரு பருவப் பெயர் வைக்கும் தேவை நம் முன்னோருக்கு வரவில்லை. அதனால்தானோ என்னவோ, நாம் அதைப் பார்க்கப் போகும்போது காரை ஓரங்கட்டி, படம் பிடித்து, அடுத்த வளைவுக்கு நகர்ந்துவிடுகிறோம். இறங்கித் தோப்புக்குள் போங்கள். ஓர் இலையைக் காம்போடு பறித்து விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், உருளாது. காம்பு உருண்டையாக இல்லாமல் நாடாபோலத் தட்டையாக இருக்கும். அதனால் மெல்லிய காற்றுக்கும் இலை இரண்டு பக்கமும் துடிக்கிறது. காற்றே இல்லையென்று நாம் நினைக்கும்போது அரச மரத்தில் ஒரு சலசலப்பு கேட்குமே, அதைப் பத்து மடங்காக்கிக் கொள்ளுங்கள். தண்டைத் தடவினால் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். அந்தப் பொடிக்கு அடியில் பட்டை லேசான பச்சை. இலையெல்லாம் கொட்டிய பிறகு பட்டையில் இருக்கும் அந்தப் பச்சையத்தாலேயே வெயில் கிடைக்கும் நாட்களில் மரம் கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்ளும்.

இன்னொன்று. நம் கண்ணுக்குத் தோப்பாகத் தெரிவது பெரும்பாலும் ஒரே மரம். ஆஸ்பென் விதையைவிட வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளையே அதிகம் நம்பியிருக்கிறது. வாழையடி வாழையாக என்று நாம் சொல்வது அப்படியே பொருந்துகிற மரம் அது. பக்கத்து மாநிலமான யூட்டாவில் பாண்டோ என்று பெயரிட்ட ஒரு தோப்பு சுமார் 43 ஹெக்டேரில் பரந்திருக்கிறது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தண்டுகள், அடியில் ஒரே வேர்க்கூட்டம். மலைச்சரிவில் ஒரு பகுதி முழு மஞ்சளாகவும் அதை ஒட்டிய பகுதி இன்னும் பச்சையாகவும் இருப்பதைப் பார்ப்பீர்கள். மஞ்சளான பகுதி ஒரு குடும்பம், பச்சை இன்னொரு குடும்பம். மஞ்சளும் அன்றைக்குப் புதிதாக வந்த நிறமல்ல. கோடை முழுக்கப் பச்சைக்கு அடியிலேயே இருந்தது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது.

ஒரு வேண்டுகோள். போன முறை நம் பிள்ளைகளில் ஒருவன் ஒரு தண்டில் தன் பெயரைக் கீறினான். என் மகன்தான். அந்த மரத்தின் பட்டை மிக மெல்லிது. கீறல் வழியாகப் பூஞ்சை ஏறி ஆண்டுக்கணக்கில் அரித்து மரத்தையே கொன்றுவிடவும் கூடும். போன ஆண்டு அதே இடத்தில் தேடினேன். பெயரைச் சுற்றிப் பட்டை கறுத்து வெடித்திருந்தது. இந்த முறை கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

ரயிலை வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது ரயிலில் போவோம். 1881ல் பாதை போடத் தொடங்கி 1882 ஜூலையில் சில்வர்ட்டனை எட்டிவிட்டார்கள். 72 கிலோமீட்டர். தண்டவாள இடைவெளி 914 மில்லிமீட்டர்தான். நம் ஊட்டி ரயிலின் மீட்டர் பாதையைவிடக் குறுகலானது. ராக்வுட் தாண்டியதும் பாறையை வெட்டி எடுத்த விளிம்பில் ரயில் ஊர்கிறது, கீழே அனிமாஸ் ஆறு. அந்த இடத்தில் பிள்ளைகள் தானாகவே அமைதியாகிவிடுவார்கள். இன்று ஓடும் இன்ஜின்களில் 1920களில் செய்தவை இருக்கின்றன. 2018 ஜூனில் டுராங்கோவுக்கு வடக்கே பற்றிய காட்டுத்தீ சுமார் 54,000 ஏக்கரை எரித்த பிறகு நிலக்கரியில் ஓடியவற்றை எண்ணெய்க்கு மாற்றினார்கள். எரிந்த சரிவுகளில் முதலில் தலைகாட்டும் மரங்களில் ஒன்று ஆஸ்பென். மேலே எரிந்தாலும் மண்ணுக்குள் வேர் தப்பித்துக்கொள்கிறது.

ஆனால் திரும்புவதற்கு அதே ரயிலில் ஏறாதீர்கள். இதுதான் என் முக்கியமான வேண்டுகோள். நம்மில் இரண்டு பேர் முன்கூட்டியே வேன்களைச் சாலை வழியாக மேலே கொண்டுவந்துவிட்டால் போதும். அந்த வேலையை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

பிற்பகலில் கடைசி ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியதும் சில்வர்ட்டன் வேறு ஊராகிறது. அதுவரை தோளோடு தோள் இடித்த கிரீன் தெருவில் ஒரு நாய் நடுச்சாலையில் படுக்கிறது. ஊரில் தார் போட்ட தெரு அது ஒன்றுதான்; மற்றதெல்லாம் மண் தெரு. 2,840 மீட்டர் உயரம். 2020 கணக்கெடுப்பில் அறுநூற்றுச் சொச்சம் பேர்தான் இருந்தார்கள். அந்த மாவட்டத்தில் ஊராட்சி பெற்ற ஊரே இது ஒன்றுதான். நீதிமன்றத்தின் பொன்னிறக் குவிமாடத்தில் கடைசி வெயில் படுகிறது. மலை சட்டென்று சூரியனை மறைத்துவிடுவதால் மாலை என்று ஒன்று இல்லாமலே இருட்டுகிறது, குளிர் இறங்குகிறது. ஒரு தெரு தள்ளி பிளேர் தெரு. சுரங்கக் காலத்தில் சாராயக் கடைகளும் விலைமாதர் வீடுகளும் இருந்த தெரு. கட்டடங்களுக்கு இன்றும் வண்ணம் பூசி, பழைய கதையைச் சிரிப்பாகச் சொல்லி வியாபாரம் நடக்கிறது. இரவில் ஆளில்லாத அந்த மண் தெருவில் நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே வந்து சேர்ந்த பெண்கள் எந்த ஊரிலிருந்து, எந்தக் கஷ்டத்தில் வந்தார்களோ.

ஊரின் வடகிழக்கே, கொஞ்சம் மேடேறினால், மலைச்சரிவிலேயே இடுகாடு. காலையில் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இடுகாட்டுக்கு எதற்குப் பிள்ளைகள் என்று சித்தி ஒருவர் கேட்பார் என்று தெரியும். ஊரின் வரலாறு முழுக்க அங்கேதான் திறந்து கிடக்கிறது, சித்தி. கார்ன்வால், இத்தாலி, சுவீடன், ஆஸ்திரியா என்று எங்கிருந்தெல்லாமோ வந்த மனிதர்கள். பனிச்சரிவில் போனவர்கள், வெடியில் போனவர்கள், இருமி இருமிப் போனவர்கள். காற்றழுத்தத் துளைக்கருவி வந்த பிறகு பாறைத்தூள் மாவு போல நுரையீரலில் இறங்கியது. ‘சுரங்கத்தொழிலாளர் காசம்’ என்று அப்போது பெயர். சிலிக்கோசிஸ் என்று நாம் சொல்கிறோம்.

இங்கே ஒரு சொந்தக் கதை சொல்ல வேண்டும். என் அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம், லைன் வீட்டில் ஒரே அறை. தாத்தாவின் இருமலைக் கேட்டுத்தான் நாங்கள் விடிந்ததைத் தெரிந்துகொள்வோம். அந்த இருமலை டாக்டரும் ‘ஆஸ்துமா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 2001ல் சுரங்கம் மூடியது. தங்கம் பிரித்த கழிவாகக் குவிந்த சயனைடு மேடுகள் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கின்றன, காற்றடித்தால் ஊருக்குள் தூசி. சில்வர்ட்டனின் கடைசிப் பெரிய சுரங்கமான சன்னிசைடு மூடியது 1991ல். பத்து ஆண்டுதான் இடைவெளி. தங்கவயலுக்குச் சுரங்க நுணுக்கம் தெரிந்தவர்கள் என்று வெள்ளைக்காரக் கம்பெனி கூட்டிவந்ததும் கார்ன்வால்காரர்களைத்தான். அதே ஊர்க்காரர்கள் இந்த மலைக்கும் வந்திருக்கிறார்கள். கொலராடோ மலைச்சரிவில் ஓர் இடுகாட்டில் நின்றுகொண்டு தாத்தாவின் இருமல் காதில் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதே இடுகாட்டில் 1918ல் இறந்தவர்களைச் சேர்த்துப் புதைத்த ஒரு பெருங்குழியும் இருக்கிறது. நாம் விடுமுறைக்குப் போகும் அதே இலையுதிர்காலத்தில்தான் விஷக் காய்ச்சல் சில்வர்ட்டனுக்குள் நுழைந்தது. தங்கும் விடுதிகளில் நெருக்கியடித்துப் படுத்த சுரங்கக்காரர்கள், ஏற்கெனவே தூள் ஏறிய நுரையீரல். சில வாரங்களுக்குள் ஊரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் இறந்துபோனார்கள். சவப்பெட்டி செய்யவும் குழி வெட்டவும் ஆள் போதவில்லை. இதே மாநிலத்தில் கன்னிசன் என்ற ஊர் சாலையை அடைத்து, ரயிலில் இறங்கியவர்களைத் தனிமைப்படுத்தி, ஏறக்குறைய முழுதாகத் தப்பித்துக்கொண்டது. சில்வர்ட்டனால் முடியவில்லை. 1910 கணக்கெடுப்பில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊர், 1920ல் ஆயிரத்துச் சொச்சம். அதற்குக் காய்ச்சல் மட்டுமே காரணமல்ல, தாதுவின் விலையும்தான். கொரோனா காலத்தில் ஊருக்குப் போக முடியாமல், அப்பாவின் சடங்கைத் தொலைபேசித் திரையில் பார்த்த நம்மவர்கள் இரண்டு பேர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். அந்தக் குழியருகே ஐந்து நிமிடம் நிற்க அவர்களுக்குத் தோன்றும் என்று நினைக்கிறேன்.

துக்கம் மட்டுமே இல்லை. ஊருக்கு மேலே ஆன்வில் மலைச்சரிவில் இயேசுவின் வெண்பளிங்குச் சிலை நிற்கிறது, 1959ல் ஊர்க்காரர்கள் வைத்தது. அங்கிருந்து பார்த்தால் ஊர் மொத்தமும் உள்ளங்கையில் அடங்கும். 1978 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. சன்னிசைடு சுரங்கத்துக்கு மேலே இருந்த எம்மா ஏரியின் அடிப்பகுதி உடைந்து ஏரித் தண்ணீர் மொத்தமும் சேறோடும் பாறையோடும் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. வேறு எந்தக் கிழமையாக இருந்திருந்தாலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்திருப்பார்கள். ஞாயிறு என்பதால் ஒருவரும் இல்லை. ஒரு உயிர்கூடப் போகவில்லை. சிலைக்கு முன் மெழுகுவத்தி வைக்கிறவர்கள் அதை இந்தச் சிலையின் அருள் என்றே சொல்கிறார்கள். எந்தச் சாமியை நம்புகிறவரானாலும் அந்த மேட்டில் நின்று அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள், கை தானாகக் குவியும்.

அடுத்து ஓடை. நாம் மஞ்சள் பார்க்கப் போகிறோம். கூடவே ஆரஞ்சையும் பார்த்துவிட்டு வர வேண்டும். சில்வர்ட்டனில் மூன்று நீர்கள் சேர்கின்றன: அனிமாஸ் ஆறு, மினரல் ஓடை, சிமென்ட் ஓடை. சிமென்ட் ஓடைக் கரையில் குனிந்து பாருங்கள். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடும். அடியில் ஒவ்வொரு கல்லும் காவிப்பொடி குழைத்துப் பூசியதுபோல இருக்கும். நான் குச்சியால் ஒரு கல்லைச் சுரண்டினேன்; தோசைக்கல்லில் ஒட்டிய மாவைப்போலப் படலம் படலமாகப் பெயர்ந்தது. பாசி இல்லை, பூச்சி இல்லை, மீன் இல்லை. மலைக்குள் இருக்கும் இரும்புச் சல்பைடு காற்றையும் தண்ணீரையும் சந்தித்தால் கந்தக அமிலமாகவும் இரும்புத்துருவாகவும் மாறுகிறது. சுரங்கம் தோண்டாத காலத்திலும் இந்த மலையில் அது கொஞ்சம் நடந்திருக்கிறது. செம்மலை என்றே சில சிகரங்களுக்குப் பெயர். ஆனால் நூறு ஆண்டுக்கும் மேல் மலையைச் சல்லடையாகத் துளைத்த பிறகு காற்றுக்கும் தண்ணீருக்கும் ஆயிரம் வாசல் திறந்துவிட்டது.

2015 ஆகஸ்டு 5ஆம் தேதி, கைவிடப்பட்ட கோல்ட் கிங் சுரங்கத்தின் வாயைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தபோது உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. முப்பது லட்சம் காலன், அதாவது ஒரு கோடி லிட்டருக்கும் மேல். சிமென்ட் ஓடை வழியாக அனிமாஸில் இறங்கி டுராங்கோ வரை ஆறு ஆரஞ்சாக ஓடியது. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாதவர்கள் கீழே இருந்தார்கள். அனிமாஸ் போய்ச் சேரும் சான் வான் ஆற்றை நம்பி மக்காச்சோளமும் தர்பூசணியும் போட்டிருந்த நவஹோ பழங்குடி உழவர்கள் கால்வாயை மூடிவிட்டு, ஆகஸ்டு வெயிலில் பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் திறக்காத வாய்க்காலின் கரையில் நிற்பது எப்படி இருக்கும் என்று காவிரிக் கடைமடையிலிருந்து வந்த அண்ணன்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டு, 2016ல், அந்த மலைப்பகுதியில் 48 இடங்களைச் சேர்த்து மத்திய அரசின் நச்சுக்கழிவு அகற்றும் பட்டியலில் வைத்தார்கள். பட்டியலில் சேர்ந்தால் சுற்றுலாவுக்குக் கெட்ட பெயர் என்று பல ஆண்டுகள் தயங்கிய ஊர்தான் கடைசியில் சம்மதித்தது. எனக்கு அந்த ஊர் மீது மரியாதை கூடியது அங்கேதான். தங்கவயலில் அந்த மேடுகளுக்கு இன்னும் அப்படி ஒரு நாள் வரவில்லை.

அந்த மலை யாருடையதாக இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யூட் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் ஏறி வந்து வேட்டையாடிய நிலம். தாது கிடைத்த செய்தி பரவி ஆட்கள் அத்துமீறிக் குவிந்த பிறகு, 1873ல் புரூனோ ஒப்பந்தம் என்ற காகிதத்தில் சுமார் 37 லட்சம் ஏக்கர் அவர்கள் கையைவிட்டுப் போனது. மறு ஆண்டே சில்வர்ட்டன் ஊராகிவிட்டது. திரும்பும் வழியில், டுராங்கோவுக்குத் தென்கிழக்கே இக்னாசியோவில் தெற்கு யூட் மக்களே நடத்தும் பண்பாட்டு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. வழியில் ஒரு கடைத்தெருவைக் குறைத்துக்கொண்டு அங்கே இரண்டு மணி நேரம் கொடுப்போம்.

இனி நடைமுறை விஷயங்கள். நாமெல்லாம் கடல் மட்டத்துக்காரர்கள். சில்வர்ட்டனில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் எழுபது சதவீதத்தை ஒட்டித்தான். என் மகனுக்கு அன்று வந்தது சாப்பாட்டுக் கோளாறு அல்ல, உயரம். அதனால் முதல் இரவு டுராங்கோவில், 1,985 மீட்டரில், தங்கிவிட்டு ஏறுவது நல்லது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். முதல் நாள் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். தலைவலி தூங்கி எழுந்தும் குறையாவிட்டால், மூச்சு வாங்கினால், யோசிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். இருதய மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.

சீசன் முடியும் நேரமாதலால் உணவுக்கடைகள் சீக்கிரம் மூடுகின்றன. அடுப்படி உள்ள வீடு எடுத்துச் சமைப்போம். அங்கே தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். போன ஆண்டு திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்தேன். இரண்டு மணி நேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே இருந்தது. குக்கர் இல்லாமல் போக வேண்டாம். வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூட வைக்க வேண்டும்.

சில்வர்ட்டனிலிருந்து ஓரே என்ற ஊர் வரை 550ஆம் நெடுஞ்சாலையில் போய்வர ஆசைப்படுகிறவர்கள் பகலில் மட்டும், வானிலை பார்த்துப் போங்கள். ரெட் மவுன்டன் கணவாய் 3,358 மீட்டர். செப்டம்பர் இறுதியிலேயே பனி விழலாம். ஓரேக்கு அருகே பல இடங்களில் ஓரத்தடுப்பு கிடையாது; பனி அகற்றும் வண்டி பனியைத் தள்ள இடம் வேண்டும். போகும்போது மலைப் பக்கம் ஓட்டுவீர்கள், திரும்பும்போது பள்ளத்துப் பக்கம். வழியில் 1970, 1978, 1992 ஆண்டுகளில் பனிச்சரிவில் இறந்த பனிவண்டி ஓட்டுநர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. வண்டியை நிறுத்த இடம் கிடைத்தால் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். நாம் படம் எடுத்துக்கொண்டு போகிற சாலையைப் பனிக்காலத்தில் திறந்து வைத்தவர்கள் அவர்கள்.

கடைசியாக, பிள்ளைகளுக்காக ஒன்று. ஊருக்குப் பக்கத்தில் ஓல்ட் ஹண்ட்ரட் என்ற பழைய தங்கச் சுரங்கம் இருக்கிறது. சின்ன ரயிலில் மலைக்குள் அரை கிலோமீட்டர் கூட்டிப் போகிறார்கள். தங்கவயலில் தாத்தா கீழே கீழே இறங்கினார்; இங்கே மனிதர்கள் மலைக்குள் பக்கவாட்டில் நடந்து போனார்கள். உள்ளே ஆண்டு முழுக்க ஒன்பது டிகிரி போலக் குளிர், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். வழிகாட்டி துளைக்கருவியை ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டுவார். காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். விளக்கையும் சற்று நேரம் அணைப்பார். அப்படி ஒரு இருட்டை நம் பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள்.

பல நாட்டுச் சுரங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்ததும் எடுத்துவிடுவான். வேலை முடிந்த பிறகும் பலகையில் ஒரு வில்லை தொங்கினால் ஒருவன் இன்னும் வரவில்லை என்று பொருள். தாத்தாவின் வில்லை அம்மாவிடம் இருந்தது. போன மாதம் ஊருக்குப் போனபோது வாங்கி வந்தேன். பாதி எண் தேய்ந்துபோயிருக்கிறது, விளிம்பில் மட்டும் இன்னும் பளபளப்பு.

அறைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். இந்த வெள்ளிக்கிழமைக்குள் தேதிக்குச் சம்மதமா என்று எல்லா வீட்டாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரிய குக்கரை நான் கொண்டுவருகிறேன், பருப்பும் புளியும் என் பொறுப்பு. வில்லையையும் எடுத்து வருகிறேன். சுரங்கத்துக்குள் போகும்போது பிள்ளைகளில் மூத்தவளிடம் கொடுத்து அனுப்புவேன். வெளியே வாசலில் நின்றிருப்பேன், வந்ததும் என் கையில் திருப்பித் தர வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி